"பார்த்து அனுப்புங்க" என்றால் மட்டும் போதுமா?



தவணைப் பரீட்சை மார்க்ஸ் அனுப்பும் நாட்களில் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கும் வார்த்தை: "பார்த்து அனுப்புங்க டீச்சர்." ஒரு பிள்ளையின் மார்க்ஸோ வீட்டுப் பிரச்சினையோ வேறு போனுக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. பொழுது சாயும் முன் டிவிஷன் முழுக்கப் பரவிவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு வராது. வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்கு மேல் கழித்தும் எல்லோருக்கும் அழிக்கலாம்தான். வாசித்தவர் மனதிலிருந்து எதை அழிப்பது?

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். குறையில் பாதி, யாருக்கு என்று பெயர் தட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிறது.

நம்ம பெயர்களைப் பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு முதல் பெயர் ஃபாத்திமா. பையன்கள் முஹம்மத். ஆளைப் பிரித்துக் காட்டும் பெயர் கடைசியில்தான் வரும், போன் திரையிலோ கடைசிப் பகுதி வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் வரும், எஸ். செல்வி இரண்டு பேர், கே. செல்வி ஒருத்தி. ஒரே பெயரைப் பாத்திமா என்றும் ஃபாத்திமா என்றும் பதிகிறோம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2025 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ், யேமன் தாக்குதல் பற்றிய சிக்னல் குரூப்பில் அட்லாண்டிக் சஞ்சிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பேர்க்கைச் சேர்த்துவிட்டார். குரூப்பில் அவர் பெயர் தெரிந்தது வெறும் இரண்டு இனிஷியலாக. வேறொருவர் பெயருக்குக் கீழ் அவர் நம்பர் பதிவாகியிருந்ததே காரணம் என்று கார்டியன் எழுதியது.

பெட்டியைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முழுப் பெயர், படம், குரூப் என்றால் எத்தனை பேர் என்று அனுப்பும் முன்பே காட்ட வேண்டும். காட்டினால் போதாது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதிக்கவும் வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் இதற்கென்றே இன்னொரு புரோகிராம் எழுதுகிறார்கள். அது நம் விரல் மாதிரியே பெயரைத் தட்டும், ஒருவரைத் தெரிவு செய்யும், பேக்ஸ்பேஸ் அழுத்தும், கடைசியில் பெட்டியில் யார் மிச்சம் என்று பார்க்கும். ஆனால் அந்தச் சோதனையில் தட்டும் பெயர் ஜோன், மேரி என்று மட்டும் இருந்தால் நம்ம வகுப்பு எப்படிப் பாஸாகும்?

சூலிப் என்ற சாட் செயலியின் கோட் 2015இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அந்தச் சோதனைகளும் சேர்த்துத்தான். ஒரே பெயரில் இருவர் இருந்து ஒருவரைக் குறிப்பிட்டால் பெயரோடு அவரது எண்ணையும் சேர்த்துவிடும். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இப்படியான திறந்த மென்பொருள் வேலைகளில் உலக அளவில் பெயர் எடுத்தவர்கள். ஹட்டன் பிள்ளைகளால் முடியாதா?

அதுவரைக்கும் போனில் பெயர் பதியும்போது பிள்ளையின் தனிப் பெயரை முதலில் போடுங்கள், பிறகு தரம், டிவிஷன், கடைசியில் "அம்மா" அல்லது "அப்பா".

கோடிங் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சோதனைக்குப் போட நம்ம ஊர்ப் பெயர்களைக் கலந்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன், எந்தப் பிள்ளையின் உண்மையான முழுப் பெயரும் இல்லாமல். லீவில் உட்கார்ந்து பார்ப்போம்.