எபிக்டெட்டசிடம் கற்றதும் கற்க மறுப்பதும்



நம் சபையின் வாலிப சகோதரர் ஒருவர், தினமும் அலுவலகம் செல்லும் பேருந்தில் கைப்பேசியில் மார்க்கஸ் ஆரேலியஸின் குறிப்புகளை வாசித்து வருவதாகச் சொன்னார். “ஐயா, இது ஒரு விசுவாசி வாசிக்கத் தக்கதா?” என்று தயக்கத்துடன் கேட்டார். வாசியுங்கள் என்றேன். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஸ்தோயிக்கர் வேதத்துக்கு அந்நியரல்லர். அத்தேனே பட்டணத்தில் பவுலுடன் வாக்குவாதம் செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள் (அப். 17). கொரிந்துவில் பவுலுக்கு எதிரான வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோன், ஸ்தோயிக்க ஞானியாகிய செனெக்காவின் தமையன். எபிக்டெட்டஸ் பிறந்த எராப்போலி, கொலோசெயர் நிருபத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஊர். எந்த நிலைமையிலும் திருப்தியாயிருக்கக் கற்றதைப் பவுல் பிலிப்பியருக்கு எழுதுகையில் கையாளும் கிரேக்கச் சொல்லும் ஸ்தோயிக்கர் விரும்பிப் போற்றிய சொல்லே. அவர்கள் அதைத் தன்னில் தானே நிறைவடைதல் என்று கொண்டார்கள். பவுலோ அந்த நிறைவின் ஊற்றைத் தமக்கு வெளியே, கிறிஸ்துவில் கண்டார்.

எபிக்டெட்டஸ் அடிமையாயிருந்தவர், கால் ஊனமுற்றவர். நம் எண்ணமும் விருப்பமும் நம் வசத்தில் உள்ளவை, சரீரமும் ஆஸ்தியும் பிறர் தரும் மதிப்பும் நம் வசத்தில் இல்லாதவை என்று அவர் பிரித்துக் காட்டினார். பொதுக் குளியல் இடத்துக்குப் போகுமுன், அங்கே தண்ணீரை வாரி இறைப்பவரும் இடித்துத் தள்ளுபவரும் திட்டுபவரும் திருடுபவரும் இருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டே புறப்படு என்றும் சொன்னார். சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் புறப்படுமுன் நான் இதைச் செய்வதுண்டு. (கமிட்டி அங்கத்தினர்கள் மன்னிப்பார்களாக!) இரவில் விளக்கை அகற்றியபின் அன்றைய தன் சொற்களையும் செயல்களையும் தானே விசாரித்த செனெக்காவின் வழக்கமும் நம் இராஜெபத்துக்கு முன் நன்றாகவே பொருந்தும்.

ஆனால் எபிக்டெட்டசின் கைந்நூலில் 16ஆம் பகுதி என்னைத் தடுத்து நிறுத்துகிறது. துக்கத்தில் அழுகிறவனுக்கு ஆறுதல் சொல், தேவையானால் அவனோடு சேர்ந்து புலம்பு, உள்ளத்தில் மட்டும் புலம்பாதே என்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படியே செய்தேன். வாலிப மகனை இழந்த ஒரு தாயின் வீட்டில் சரியான வசனங்களை வாசித்து, தடுமாறாமல் ஜெபித்து, உள்ளம் கலங்காமல் திரும்பினேன். அதை முதிர்ச்சி என்றும் எண்ணிக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அந்த அம்மா சொன்னார்: “ஐயா, நீங்க நல்லாத்தான் ஜெபம் பண்ணினீங்க. ஆனா உங்க முன்னாடி அழணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அது இன்னும் என்னோடிருக்கிறது.

லாசருவின் கல்லறையண்டையில் நின்ற ஆண்டவர், சற்று நேரத்தில் அவன் எழுந்து வருவான் என்று அறிந்திருந்தார். கலங்காதிருக்க அவரைக் காட்டிலும் நியாயமுள்ளவர் யார்? ஆயினும் கண்ணீர் விட்டார். அது பார்க்கிறவர்களுக்காக வெளியே காட்டிய துக்கமன்று. அவர் ஆவியிலே கலங்கினார் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் புத்தகத்தை மூடச் சொல்லவில்லை. எபிக்டெட்டசின் அந்தப் பகுதியையும் யோவான் 11ஆம் அதிகாரத்தையும் ஒரே நாளில் வாசித்துவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். நானும் நேற்றிரவு இரண்டையும் மறுபடியும் வாசித்தேன். நாளை ஒரு துக்க வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.