சாக்கடைக்குள் மட்டும் ஏன் இந்த இடஒதுக்கீடு?

காஞ்சிபுரத்தைப் பட்டு நகரம் என்கிறார்கள். கோயில் நகரம் என்கிறார்கள். ஊருக்குள் ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாயைப் பற்றி மட்டும் யாரும் பெருமை பேசுவதில்லை. மழைநீர் போகவேண்டிய அந்தக் கால்வாயில் ஊர்ச் சாக்கடை கலந்து நத்தப்பேட்டை ஏரியில் போய் விழுகிறது. இதைப் பற்றிக் கேட்டால் பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், கோடிக்கணக்கில் திட்டம் என்று பதில் வருகிறது. அவையெல்லாம் வேண்டியவைதான். நான் கேட்பது வேறு: குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கப்போவது யார்?

1925 நவம்பரில் இதே காஞ்சியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்தார்கள். பெரியார் வெளியேறினார். அன்றிலிருந்து இன்றுவரை தகுதி, திறமை என்று முழங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்வோரென்று ஒன்றிய அரசு 2024-இல் கணக்கெடுத்த சுமார் 38,000 பேரில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 17 விழுக்காடுகூட இல்லை. இந்த வேலையில் மட்டும் எங்கள் இடத்தை யாரும் பறிக்க வராதது ஏன்?

நகரத்தைத் தாண்டினால் பாதாளச் சாக்கடையும் கிடையாது. கிராமங்களில் இத்தனை கழிப்பறை கட்டினோம் என்று தூய்மை இந்தியா கணக்குக் காட்டுகிறது. தொட்டி நிறைந்தால் கழிவு எங்கே போகும், யார் எடுப்பார் என்பதற்குக் கணக்கில்லை. லாரி வந்து உறிஞ்சினாலும் அடியில் இறுகிய சகதியை அள்ள ஆளைத்தான் இறக்குகிறார்கள். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போனவரும் சேர்ந்து சாவார். 2022 அக்டோபரில் இந்த மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று பேர் அப்படித்தான் செத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. இருந்தும் 1993-க்குப் பிந்தைய சாக்கடை மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்கே சொல்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அந்தக் குழிக்கு அரசு வைத்த பெயரே 'ஆள்நுழைவுக் குழி'. ஆளை அனுப்பித்தான் சுத்தம் செய்வோம் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இனி அது இயந்திரக் குழி என்று 2023 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெயரை மாற்றுவது எளிது. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்துக்கும் உறிஞ்சு லாரியும் இயந்திரமும் கொடுங்கள். எடுத்த கழிவை ஏரியில் கொட்டாமல் சுத்திகரிக்க அருகிலேயே நிலையம் கட்டுங்கள். அதை இயக்குவோரை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நிரந்தர அரசு ஊழியராக்கி, உரிய சம்பளம் கொடுங்கள். ஆளை இறக்கியவர் மீதும், தெரிந்தே விட்ட அதிகாரி மீதும் வழக்குப் போடுங்கள்.

இயந்திரம் வந்து, நல்ல சம்பளமும் வந்தபிறகு, அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் விண்ணப்பம் வருகிறதா என்று பார்ப்போம். அதுவரை எத்தனை கோடியில் நிலையம் கட்டினாலும் அதைச் சுத்திகரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீரை வடிகட்டிவிட்டுச் சாதியை அப்படியே குழிக்குள் விட்டுவைப்பதற்குப் பெயர் சுத்தம் அல்ல.