பனிமலைக்கு எத்தனை இலட்சம்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று லேத் பட்டறைகளுக்கு நடுவே கணினி நிறுவனங்களும் உயர்ந்து நிற்கின்றன. அவற்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியை வைத்தனர்: "ஐயா, குல்மார்க்கில் ஹெலிகாப்டரில் மலைமேல் கொண்டுபோய் இறக்கி, வழிகாட்டியோடு பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்கிறார்களாம். ஒரு வாரத்துக்குப் பல இலட்சம் ஆகும். போகலாமா?"

இமயத்தைத் தன் எல்லையாகக் கொண்டவன் என்று ஒரு சேரனுக்கு 'இமயவரம்பன்' எனப் பெயர் சூட்டிய மொழி நம்முடையது. ஆயினும் நம் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனியும் பின்பனியும் வெறும் குளிரும் ஈரமுமே. மலையை மூடிக் கிடக்கும் பனிக்கு 'உறைபனி', 'வெண்பனி' என அடைமொழி சேர்த்துத்தான் பேசவேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத அந்த நிலத்துக்கு ஆசைப்படுவதில் பிழையேதும் இல்லை. கொடுக்கிற பணத்துக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

1965-இல் கனடாவின் பூகபூ மலைகளில் ஹான்ஸ் க்மோசர் என்ற வழிகாட்டி இதைத் தொழிலாகத் தொடங்கினார். நம் நாட்டில் மணாலியிலும் குல்மார்க்கிலும் இது நடக்கிறது. பணம் ஹெலிகாப்டரையும் எரிபொருளையும் விமானியையும் வழிகாட்டியையும் வாங்கித் தரும். சறுக்கும் திறனை வாங்கித் தராது. ஹெலிகாப்டர் இறக்கிவிடும் இடத்தில் சமன்செய்த தளமும் இல்லை, பாதியில் ஏறித் திரும்ப ரோப் காரும் இல்லை. ஆழப் பனியில் திரும்பவும் நிற்கவும் அறியாதவருக்கு அங்கு வேலையே இல்லை. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்கு மூச்சுத் திணறலும் தலைவலியும் வேறு காத்திருக்கும். குல்மார்க்கின் ஆஃபர்வத் மலையில் ரோப் கார் சென்று சேருமிடமே ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம்.

பெரிய அச்சம் பனிச்சரிவு. சறுக்குவதற்கு இன்பமான 30 முதல் 45 பாகைச் சாய்வுகளே பனி சரிவதற்கும் ஏற்றவை. புதையுண்டவரை முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதன்பின் வாய்ப்பு விரைந்து குறையும். ஆகவேதான் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வாரியும் இருக்கவேண்டும். அவற்றைக் கையாளவும் தெரிந்திருக்கவேண்டும். தேடி எடுக்கப்போவது கூட வந்தவர்தாம். இத்தொழில் பிறந்த அதே பூகபூவில் 1991 மார்ச்சில் ஒரே பனிச்சரிவில் ஒன்பது பேர் மாண்டனர். 2023 பிப்ரவரியில் ஆஃபர்வத்தில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர் இறந்தனர்.

"வழிகாட்டிதான் இருக்கிறாரே" என்பது மாணவர்களின் வாதம். வழிகாட்டியின் உண்மையான மதிப்பு அழைத்துச் செல்வதைவிட, "இன்று வேண்டாம்" என்று தடுப்பதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. இலட்சங்களைக் கட்டிவிட்டு அறையில் முடங்கிக் கிடப்பவருக்கு அந்தச் சொல் கசக்கும். அவர் முகம் சுளித்தாலும் தளராத வழிகாட்டிக்கே நம் பணம் போகவேண்டும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து சென்றவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பனியாயினும் காடாயினும், பருவம் அறிந்தவர் சொல்லுக்கே அங்கு மதிப்பு.

முன்பே நன்றாகச் சறுக்கத் தெரிந்து, இழந்தால் வருந்தாத பணமும் உள்ளவர் போகலாம். யார் காலும் படாத பனியில் இறங்கும் இன்பத்தை நாம் மறுக்கவில்லை. கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: வானிலையால் பறக்காத நாளின் பணம் திரும்புமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? காப்பீடு ஹெலிகாப்டர் மீட்பையும் ஏற்குமா? மழுப்பலாகப் பதில் வந்தால் விலகிக்கொள்வதே நன்று.

நம் மாணவர்களைப் போல் பனியையே கண்டிராதவருக்கு இப்பயணம் தகாது. குல்மார்க்கிலும் மணாலியிலும் அரசு நிறுவனங்கள் பனிச்சறுக்குப் பயிற்சி அளிக்கின்றன. மிகக் குறைந்த செலவில் அங்கே ஒரு குளிர்காலம் விழுந்து எழுந்து கற்கட்டும்; மறு ஆண்டும் செல்லட்டும். அதன்பிறகும் ஆசை குறையவில்லையென்றால் ஹெலிகாப்டருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.