காலடி நிலத்தை அறியாதவன் காணிக்குச் சொந்தக்காரனா?

காணிக்காக உயிரையும் கொடுக்கத் துணிபவர்கள் நாம். வேலி ஒரு முழம் தள்ளிப் போடப்பட்டால் மூன்று தலைமுறைக்கு வழக்காடும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அக்குடும்பங்களின் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்னார் காணி, கிழக்கே தெரு, தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னார் தோட்டம் என்று நான்கெல்லையும் வகுத்து எழுதப்பட்டிருக்கும். நிலஅளவையாளரின் படம் இருக்கும். நொத்தாரிசின் ஒப்பம் இருக்கும். ஆனால், அக்காணிக்கு ஐந்தாவது எல்லை ஒன்றும் உண்டு. அதுதான் கீழெல்லை. அதைப்பற்றி எந்த உறுதியும் பேசுவதில்லை. நாமும் கேட்பதில்லை.

நிலவுரிமை பற்றி மேடைதோறும் முழங்கும் எம் மக்கள், அந்த நிலம் எதனால் ஆனது என்பதைக் கற்க மறந்தனர். புவிச்சரிதவியல் என்பது பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்க்கும் சுரங்கப் பொறியியலாளர்க்கும் உரிய கல்வி என்று ஒதுக்கிவிட்டோம். இந்த ஒதுக்கல் எமக்கு நட்டத்தையே தந்திருக்கிறது; இனியும் தரும்.

கல்லைப் படித்து என்ன பயன்?

“நெல்லைப் படித்தால் சோறு கிடைக்கும், கல்லைப் படித்தால் என்ன கிடைக்கும்?” என்று கேட்பார் உளர். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலையின் ஆசானாக உலகம் போற்றுகிறது. அப்பெருமகன் முதலில் கற்றது கல்லையே. இலங்கையின் கனியவள ஆய்வுக்கு முதல் தலைவராக இருந்து, காடும் மலையும் நடந்து பாறைகளை ஆராய்ந்தவர் அவர். ‘தோரியனைட்டு’ என்னும் கனியத்தை 1904இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. இலங்கையின் புவிச்சரிதவியல் பற்றிய ஆய்வுக்காக 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவர் வழிவந்த நாம் அவருடைய நூல்களில் சிற்பத்தை மட்டும் கண்டு, அச்சிற்பத்தின் கல்லைக் காணாது விட்டோம்.

கொட்டியாரக் குடாவைச் சுற்றி

தூரத்துக் கதை வேண்டாம். தோப்பூரை நடுவாக வைத்து எம் மாவட்டத்தையே நோக்குவோம்.

எம் வயல்களின் மண், மலைநாட்டிலிருந்து மகாவலி கொண்டுவந்து இட்ட கொடை. 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அந்த ஆறு, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அரைத்து, மணலாகவும் வண்டலாகவும் ஆக்கி, எம் வாசலில் வைத்தது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் 1980களில் எழுந்தபின், மேலிருந்து வரவேண்டிய மணலிற் பெரும்பங்கு அந்த நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. வரவு குறைந்த பெட்டியில் முன்போலவே செலவு செய்தால் என்னாகும்? ஆற்று மணலை அளவின்றி அள்ளினால் படுகை தாழும்; கரை இடியும்; கடல்நீர் ஆற்றின் வழியே மேலேறும். உவர் ஏறிய வயலுக்கு எந்தப் பசளையும் மருந்தாகாது. டிராக்டர் ஒன்றில் ஏறும் மணலுக்கு இன்று கிடைக்கும் காசைக் கணக்கிடுபவன், தன் அயலவனுடைய வயலின் விலையையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

தோப்பூரிலிருந்து சேருவில நோக்கிச் செல்லுங்கள். அங்கு அரிப்பு என்னும் இடத்தில் செம்பும் காந்த இரும்புக்கல்லும் கலந்த படிவு இருப்பதை 1971இல் அரசாங்கப் புவிச்சரிதவியலாளர் கண்டறிந்தனர். பண்டைக்காலத்து மக்களோடு அச்செம்புக்கு இருந்த தொடர்பைத் தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன ஆராய்ந்து எழுதியுள்ளார். அந்தப் படிவின் அயலிலே பிறந்து வளர்ந்தோரில் எத்தனை பேர் அதை அறிவர்?

வடக்கே புல்மோட்டைக்குப் போங்கள். கரிய மணற் கரை அது. இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கன் ஆகிய பாரமான கனியங்களை அலைகள் புடைத்துப் பிரித்துக் கரையிற் குவித்துள்ளன. சுளகு செய்யும் வேலையை அங்குக் கடல் செய்கிறது. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் பொருள் அந்தக் கரிய இல்மனைட்டிலிருந்தே வருகிறது. இதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் 1957இலேயே நிறுவப்பட்டது. எம் இளைஞர் அங்குக் கூலிக்கு மணல் அள்ளுவோராக மட்டும் நிற்பதா, அம்மணலை ஆராயும் விஞ்ஞானிகளாகவும் நிற்பதா என்பது எம் பாடசாலைகளில் தீர்மானிக்கப்பட வேண்டிய விடயம்.

கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு இராவணன் கதை உண்டு. கதை எம் செல்வம். அதை இழக்க வேண்டியதில்லை. அதனோடு இதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: இந்நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 பாகை வெப்பம் கூடும் என்பது உலகப் பொதுவிதி.

கிணறு கற்பிக்கும் பாடம்

இவை அறிவுக்கு விருந்து என்று ஒதுக்கிவிடலாம். தண்ணீரை ஒதுக்க முடியுமா?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல் நீரிற் கரைவது. உள்ளே புழையும் குகையும் கொண்டது. ஓரிடத்தில் ஊற்றியது வேறோரிடத்துக் கிணற்றில் வந்து நிற்கும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்தது என்ற வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆயின் அதற்குமுன் எத்தனை குடும்பங்கள் எண்ணெய் மணக்கும் நீரை இறைத்துக் கொட்டின! காலுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல் என்றும், அதன் இயல்பு இன்னது என்றும் ஊர்மன்றங்கள் அறிந்திருந்தால், நிலையம் அமைந்த நாளிலேயே “கழிவெண்ணெயை எங்கே விடப்போகிறீர்கள்?” என்று கேட்டிருக்கும்.

கடலோர மணற்பாங்கான ஊர்களுக்கு வேறொரு விதி உண்டு. அங்கு நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும். பெரிய இயந்திரம் பூட்டி இறைத்தாலும், மேலேயுள்ள மணலை அகற்றினாலும் ஆபத்து இதுவே. மன்னார்த் தீவிலே கனிய மணல் அகழ்வுக்கு எதிராக அண்மை ஆண்டுகளில் மக்கள் எழுந்தபோது, அவர்களுடைய அச்சத்தின் அடியில் இருந்த உண்மைகளுள் இதுவும் ஒன்று. அச்சத்தை மட்டும் சொன்னால் அதிகாரி சிரிப்பார். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர் பதில் எழுதியே ஆகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கு வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, மண் யாருடையதாயினும் அதிலுள்ள கனியம் குடியரசுக்கு உரியது. அதை ஆராய்வதற்கும் அகழ்வதற்கும் விற்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஆற்று மணலும் களியும்கூட இச்சட்டத்துள் அடங்குவன. பாட்டனார் எழுதிவைத்த உறுதி மேற்பரப்பைக் காக்கும். கீழே உள்ளதைக் காக்காது.

அப்படியாயின் குடிமகனுக்கு எந்த ஆயுதமும் இல்லையா? உண்டு. பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்படும்போது, பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்கள் கொடுக்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தக் காணிக்கு எந்த அனுமதி வழங்கப்பட்டது என்று எவரும் கேட்கலாம். ஆனால், 30 நாட்களில் ஓர் அறிக்கையைப் படித்து, அதில் உள்ள பிழையைப் பிடிக்க வேண்டுமென்றால், 31ஆம் நாளிற் பாடம் தொடங்கிப் பயனில்லை. வழக்கறிஞனும் அங்குக் கைகட்டியே நிற்பான். கட்சிக்காரன் சொல்லாத உண்மையை அவன் எங்கிருந்து வாதிடுவான்?

எப்பாவலை வழக்கை எண்ணிப் பாருங்கள். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவை அந்நிய நிறுவனம் ஒன்றின் கூட்டில் அகழ்ந்தெடுக்க உடன்படிக்கை தயாரானது. அவ்வூர்க் கமக்காரரும் விகாராதிபதியும் அடங்கிய எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். அதுவரை எடுத்துவந்த அளவில் எடுத்தால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் போதக்கூடிய வளம், அத்திட்டத்தினால் சுமார் 30 ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பது மன்றின் முன் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, படிவின் அளவையும் தரத்தையும் முறையாக ஆராய்ந்து, அந்த ஆய்வை மக்கள் அறிய வெளியிடும்வரை உடன்படிக்கை செய்யலாகாது என்றது. அந்த வழக்கில் சட்டம் வாதிட்டது. ஆனால், வென்று கொடுத்தது கல்லைப் பற்றிய கணக்கு. அக்கணக்கைச் செய்துகொடுக்க நாட்டின் விஞ்ஞானிகள் முன்வந்தனர். சிங்களக் கமக்காரர் பெற்ற அவ்வெற்றியைத் தமிழ் பேசும் கமக்காரரும் பாடமாகக் கொள்வதில் இழிவு ஏதுமில்லை.

கடல் தந்த எச்சரிக்கை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐ மூதூரும் கிண்ணியாவும் மறக்குமா? சுமாத்திராவின் அருகே பூமித்தட்டு ஒன்று மற்றொன்றின்கீழ் வழுகியபோது எழுந்த கடற்கோள் எம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. எம் தீவு தட்டின் விளிம்பிலிருந்து விலகி இருப்பதால் எம் நிலம் எம்மைக் குலுக்கி எழுப்பவில்லை. முதல் அலை வந்து வடிந்து, கடல் உள்வாங்கியபோது, வெறுமையான கடலடியை வேடிக்கை பார்க்கச் சென்றவர்களைப் பின்வந்த அலை கொண்டுபோயிற்று. இலங்கையில் மாண்டோர் 30,000 பேருக்கும் அதிகம்.

நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே என்னும் இந்தோனேசியத் தீவில் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். அங்கு மாண்டோர் எழுவரே என்று பதிவாகியுள்ளது. 1907இல் கண்ட அழிவை அவர்கள் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். அம்மக்களிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை. அடிப்படை அறிவு இருந்தது. அது எம்மிடம் இருந்திருந்தால் எத்தனை தாய்மார் இன்று பிள்ளைகளோடு இருப்பர்!

செய்ய வேண்டியது

எல்லாரும் புவிச்சரிதவியலாளர் ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. எல்லாரும் மருத்துவர் ஆவதில்லை. ஆயினும் காய்ச்சலை எவரும் அறிவர். அதே அளவிலான அறிவு போதும். தன் ஊரின் பாறை யாது, மண் எங்கிருந்து வந்தது, கிணற்று நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, கடல் எவ்வாறு சீறும் என்னும் நான்கையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்கான வழி கடினமன்று. நாட்டின் புவிச்சரிதவியற் படங்களைப் பணியகம் 1:100,000 என்ற அளவில் வெளியிட்டுள்ளது. கமக்காரர் சங்கம் தோறும், பாடசாலை தோறும், வாசிகசாலை தோறும் தத்தம் பகுதியின் படம் ஒன்று சுவரில் தொங்கட்டும். ஆசிரியர் ஒருவர் மாதத்தில் ஒருநாள் மாணவரை ஆற்றங்கரைக்கும் மலையடிக்கும் அழைத்துச் செல்லட்டும். கிணறு வெட்டுபவர், எத்தனையாவது அடியில் என்ன மண், என்ன கல் வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பத்து ஆண்டுகளில் அக்கொப்பிகள் எந்த நீதிமன்றத்திலும் சான்றாக எடுத்துக்காட்டத்தக்கவை ஆகும். பொறியியலாளரும் மருத்துவரும் ஆசிரியரும் தம் கல்வியைக் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் மட்டும் கொடுத்துவிடாது, ஊருக்கு ஒரு மாலைப்பொழுதையேனும் கொடுக்கட்டும்.

தோப்பூரில் பள்ளிவாசலுக்குச் செல்பவனும் கோயிலுக்குச் செல்பவனும் ஒரே வண்டலின்மேல் நடக்கிறார்கள். ஒரே நிலத்தடி நீரைக் குடிக்கிறார்கள். மகாவலி அவர்களுள் பேதம் பார்த்து மண்ணை இடவில்லை. அந்த மண்ணைக் காக்கும் அறிவையும் நாம் சேர்ந்தே பெறுதல் வேண்டும். நிலத்தின் உரிமை கேட்டு நிற்பவர்கள் நாம். நிலம் எம்மிடம் கேட்பது, தன்னை அறியும்படி மட்டுமே. அதைக் கொடுக்க இன்னும் என்ன தாமதம்?