டவரைத் தூக்கி நிறுத்த எத்தனை கையெழுத்து?

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் புகுந்தபோது நான் பளையில் இருந்தேன். தென்னந்தோட்டத்துக்குள் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறை நனைந்தது. 2008இல் நிஷா, 2024இல் ஃபெங்கல் எல்லாம் பார்த்த குடாநாட்டுக்கு அது பழக்கம். தாங்க முடியாமல் போனது வேறொன்று. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் சித்தியின் போன் நாலு நாள் கிடைக்கவேயில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வடக்கே வந்த குடும்பம் எங்களுடையது; பாதிச் சொந்தம் இங்கே, பாதி அங்கே. ஐந்தாம் நாள் ஒரு குரல்: "கண்ணு, உசிரோட இருக்கோம். சார்ஜு இல்ல, வச்சுர்றேன்." அவ்வளவுதான்.

அந்தப் புயலில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் அதிக அழிவு. மண்சரிவு எச்சரிக்கை இப்போது போனுக்குத்தான் முதலில் வருகிறது. அதுவும் தமிழில் பிந்தித்தான் வந்தது என்ற குறை பல இடங்களில் எழுந்தது. டவர் செத்தால் பிந்திக்கூட வராது.

இப்போது பேச்சு என்னவென்றால், அனர்த்தத்துக்குப் பிறகு தொலைத்தொடர்பைத் திரும்பக் கட்டுவதற்கு அனுமதி நடைமுறைகளைத் தளர்த்த வேண்டுமா என்பது. ஒரு டவர் எழும்ப தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பிரதேச சபை, விமானப் போக்குவரத்து, சுற்றாடல் என்று பல கதவு தட்ட வேண்டும். மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியும் உண்டு. காணி தோட்டத்துடையது என்றால் கம்பனியின் சம்மதம் வேறு.

"கம்பனிக்காரனுக்குச் சலுகை வாங்கிக் கொடுக்கிறதா நம்ம வேலை?" என்று கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. லயத்துக்குப் பக்கத்தில் பத்து பேர்ச் காணி கேட்டு நம் சனம் எத்தனை வருஷமாக அலைகிறது! டவருக்கு மட்டும் ஒரு வாரத்தில் இடம் கிடைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் நான் தளர்த்தச் சொல்கிற பக்கம்தான். எல்லாவற்றையும் அல்ல.

நின்ற இடத்திலேயே, அதே உயரத்தில், அதே டவரைத் திருப்பி நிறுத்துவதற்குப் புதிதாகக் கடதாசி கேட்கக் கூடாது. வண்டியில் கொண்டுவரும் தற்காலிக டவருக்கும், செய்மதிக் கருவிக்கும் அப்படித்தான். இது ஒன்றும் புதுக் கோரிக்கையல்ல. அனர்த்த காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான உரிமம், சுங்கத் தடைகளைக் குறைக்க வேண்டும் என்று 1998இல் பின்லாந்தின் தம்பேரே நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்தார்கள். இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரியில், சுனாமி வடமராட்சி கிழக்கை அள்ளிக்கொண்டுபோய் இரண்டு கிழமைகூட ஆகாத நேரத்தில்.

ஸ்டார்லிங் கதையையும் பாருங்கள். 2024 ஓகஸ்டில் உரிமம். சேவை தொடங்கியது 2025 ஜூலையில். புயலுக்குப் பிறகு டிசம்பர் முடியும்வரை பாதிக்கப்பட்டோருக்கு இலவசம் என்றார்கள். நல்லது. ஆனால் கரண்ட் இல்லாத லயத்தில் அந்தத் தட்டை எதில் செருகுவது?

உண்மையில் பல இடங்களில் டவர் விழவில்லை. கரண்ட் போனது, ரோட்டோடு சேர்ந்து ஃபைபர் கேபிளும் அறுந்தது, பற்றரி தீர்ந்தது, டீசல் கொண்டுபோக வழியில்லை. இதற்கு எந்த அனுமதியைத் தளர்த்தியும் பயனில்லை. சலுகை வேண்டும் என்கிற கம்பனி, மலையகத்து டவர் ஒவ்வொன்றிலும் சில நாளாவது தாங்கும் பற்றரியும் ஜெனரேட்டரும் வைக்கட்டும். 2017இல் மரியா புயல் அடித்தபோது புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நூற்றுக்கு 95 டவர் வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள தீவுக்கே அந்தக் கதி.

தளர்த்தவே கூடாதது மண்சரிவு ஆய்வு. கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. அங்கே ஆபத்து என்று ஆய்வு நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது; சனத்தை நகர்த்தவில்லை; 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆய்வு இருந்தும் அந்த நிலை. ஆய்வே இல்லாமல் லயத்துக்கு மேலே சரிவை வெட்டி, புது இடத்தில் கொன்கிறீட் போட விடலாமா? புது டவருக்குப் பழைய வரிசைதான்.

மற்றது, சனத்துக்குச் சொல்லிச் செய்வது. 2019இல் யாழ்ப்பாண நகரில் ஸ்மார்ட் கம்பங்கள் நட்டபோது வந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அது 5ஜி, கதிர்வீச்சு என்று வதந்தியும் பயமும் கலந்து ஓடியது. பயத்தில் பாதி தேவையில்லாதது என்பதே என் எண்ணம். ஆனால் என்ன நடுகிறோம் என்று வீட்டுக்காரருக்கு முதலே தமிழில் ஒரு தாள் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அவசரம் என்றாலும் அந்த ஒரு தாளை ஒரு நாளில் அடிக்கலாம்.

தற்காலிக அனுமதிக்கு ஆறு மாதம் என்று கெடு வைக்க வேண்டும். அதற்குள் முழு ஆய்வுக்கு வராத டவரைக் கழற்ற வேண்டும். "தற்காலிகம்" என்ற சொல் தோட்டத்தில் எவ்வளவு காலம் நிற்கும் என்று தற்காலிகக் கொட்டிலில் பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

இதை மாவட்டச் செயலகக் கூட்டத்தில் வைக்கக் கணக்கு வேண்டும். உங்கள் டிவிஷனுக்கு மிக அருகில் உள்ள டவர் எது, நவம்பர் 28க்குப் பிறகு எத்தனை நாள் சிக்னல் இல்லை, அதனால் யாருக்கு ஆஸ்பத்திரியோ அம்புலன்சோ கிடைக்காமல் போனது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி, தோட்டத் தலைவரிடம் மாத முடிவுக்குள் கொடுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.