தாய்க்குப் பின் யார்?

விழா மலரிற் கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைத்தல் மரபு. பரிசில் பெற்றோரையும், பதவியில் உயர்ந்தோரையும், துடுப்பாட்ட வீரரையும் போற்றுதல் தக்கதே. ஆயினும், கல்லூரி வாயிலைக் கடந்து உள்ளே வரும் வாய்ப்புப் பெறாத சிலரைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றேன். பள்ளித் தோழர் வீட்டிற்குச் சென்ற காலத்து, விருந்தினர் கண்ணிற் படாது உள்ளறையில் இருத்தப்பட்ட தம்பியையோ தமக்கையையோ நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். அவர் பெயரைக் கேட்டறிந்தோர் எத்துணைப் பேர்?

அறிவு வளர்ச்சியிற் குறைபாடுடன் பிறப்போரை முன்வினைப் பயன் என்று கூறி ஒதுக்குவாரும் உளர். டவுண் நிலைக்குக் காரணம் உடற்கலங்களில் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகையாயிருத்தலே என 1959ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டனர். ஆகவே பெற்றோரைப் பழித்தற்கு இடமேயில்லை. மருந்தினால் இந்நிலை மாறுவதன்று. பயிற்சியாலும் அயலார் துணையாலும் அவர் வாழ்வு சிறத்தல் கூடும்.

நம் நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தொழிலிலும் கல்விக்கூட அனுமதியிலும் இவர்க்குப் பாகுபாடு காட்டலாகாதென விதித்தது. சமுதாயத்தின் நடுவே வாழ்தல் இவர்தம் உரிமை எனக் கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. கோண்டாவிலிலுள்ள சிவபூமிப் பாடசாலை போன்றவை சிறார்க்கு அரும்பணி ஆற்றுகின்றன. எனினும், பள்ளிப் பருவம் கடந்த பின் அவர் செல்லுமிடம் யாது? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையே. அங்கே எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனுக்குச் சோறூட்டியபடி, "எனக்குப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது?" என்று ஏங்குகின்றாள்.

பெரியதொரு விடுதி கட்டிவிட்டால் இவ்வினா தீருமென்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். ஊரினின்றும் உற்றாரினின்றும் பிரித்து ஓரிடத்தில் வைத்தல் காவலாகலாம், வாழ்வாகாது. அயலிலேயே துணை வேண்டும். பகற்பொழுதிற் கூடித் தோட்டஞ் செய்யவும், பன்னவேலை பழகவும், பாடி மகிழவும் ஓர் இல்லம் வேண்டும். அவ்வேளையில் தாய்க்கும் சற்றே ஓய்வு கிட்டும். கோயிலுக்கும் சந்தைக்கும் அழைத்துச் செல்லப் பயிற்சி பெற்ற துணைவர் வேண்டும். பெற்றோர் மறைந்த பின் பொறுப்பேற்பவர் யாரென்பதும் அவர் உள்ளபோதே முடிவாதல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய காப்புறுதித் திட்டம், ஒவ்வொருவரது தேவையையும் தனித்தனியே ஆராய்ந்து இத்தகைய துணைக்குப் பொருளுதவி செய்வதை அங்குள்ள நம் பழைய மாணவர் அறிவர். அத்துணைப் பொருள் நம்மிடம் இல்லை. உறவும் அயலும் உண்டு.

மண்டபமும் வளைவும் எழுப்ப நாம் தயங்குவதில்லை. விழா நிதியில் ஒரு பங்கினைக் கொண்டு கல்லூரியின் அயலிலே ஒரு பகலில்லம் தொடங்குதல் நம்மால் ஆகாததன்று. ஓய்வுபெற்ற மருத்துவரும் ஆசிரியரும் மாதத்தில் ஒரு நாளை அளிக்கலாம். மேல்வகுப்பு மாணவர் மாலையில் அவரோடு கூடி விளையாடலாம். ஆனால் தொடங்கி ஈராண்டில் மூடுவதினும் தொடங்காதிருத்தலே நன்று. ஆதலின், பத்தாண்டுச் செலவிற்கு வழி கண்ட பின்னரே அடிக்கல் நாட்டுக. அத்தாயின் வினாவிற்கு, "நாங்கள் இருக்கின்றோம், அம்மா" என்று நம் சங்கம் விடையிறுக்குமாயின், இவ்விழா பயனுடைத்தாகும்.