பாடற்படமும் பயணத் திட்டமும்

இக்காலத்தில் கைப்பேசியே படக்கருவியாகவும் அமைந்துவிட்டது. ஆதலின் பயிற்சிக்காக மூன்று நிமிடப் பாடற்படம் ஒன்றை எடுக்க விரும்பும் மாணவர், அதனை ஏந்திக்கொண்டு உடனே குன்றை நோக்கி ஓடுகின்றனர். அவர்கள் முதலில் ஏந்தவேண்டியவை தாளும் எழுதுகோலுமே என்பேன்.

செங்கத்து மாணவர் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், அவ்வூரின் பழம்பெயராகிய செங்கண்மாவில் வாழ்ந்த நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் நூலாகும். அதன் 583 அடிகளில் வழிச்செய்தியே மிகுதி. முழவும் ஆகுளியும் குழலும் முதற்கண் பையில் கட்டப்படுகின்றன. பன்றிப் பொறிகள் உள்ள வழியை விடிந்தபின் கடக்குமாறும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்குமாறும் பெருங்கௌசிகனார் எச்சரிக்கின்றார். அருவியோசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு என மலையில் எழும் ஒலிகளையும் அடுக்கிக் கூறுகின்றார். கலைப்பயணத்திற்கு இதனினும் நல்ல திட்டம் உண்டோ?

பாடற்படத்தில் பாட்டையே முதலில் பதிவுசெய்வர். படம்பிடிக்கும்போது அதனை ஒலிக்கச்செய்ய, நடிப்போர் அதற்கேற்ப வாயசைப்பர். ஆகவே ஓரடியைச் சேயாற்றங்கரையிலும் மறுவடியைச் சவ்வாது மலைச்சரிவிலும் எடுப்பினும் இசை அறுபடாது. ஆனால் காலைக் காட்சியோடு நண்பகற் காட்சி ஒட்டாது, நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அடி, எவ்விடம், எப்பொழுது என்பவற்றை முன்னரே எழுதிக்கொள்க. ஆற்றில் நீரோடும் மாதத்தையும் கேட்டறிக. இல்லையேல் வெள்ளத்தைப் பற்றிய பாட்டை வெறுமணலில் நின்று பாட நேரும்!

திட்டம் கற்பனையைக் கட்டிப்போடும் என்பர் சிலர். யான் அவ்வாறு கருதவில்லை. இடந்தேடி அலைவோர்க்குக் கடிகாரத்தைப் பார்க்கவே பொழுது போதாது. குறிப்போடு சென்றவரே, எதிர்பாராமல் சரிவில் இறங்கிவரும் ஆட்டுமந்தையைக் கண்டு சற்றே நின்று, அதன் மணியோசையையும் பதிவுசெய்து திரும்புவர்.